ரேடியோ நெல்லும் அகதி முகாமும்

எங்க தாத்தா ஏடிடி 27 நெல்லைக் கடைசி வரைக்கும் 'ரேடியோ நெல்லு'ன்னுதான் சொல்லுவார். சின்ன வயசுல, ரேடியோவுக்குள்ளேருந்து நெல்லு கொட்டும்போலன்னு நெனைச்சிருக்கேன் :-) அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துல உருவான அந்தக் குறுவை ரகத்தைப் பற்றி 1960களில் திருச்சி வானொலி விடாம சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பரப்பிடுச்சு. (திருவாரூரும் அப்போ அதே ஜில்லாதான். தனி மாவட்டமானது 1997ல்.) எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் காது வழியா சேதி போய்ச் சேர்ந்தது. ஜனங்க நெல்லுக்கே ரேடியோ பேரை வெச்சுட்டாங்க.

இப்ப எதுக்கு இந்தக் கதை? காரணம் இருக்கு.

காலேஜ்ல என்னோட படிச்ச நண்பன் ஒருத்தன் இலங்கைத் தமிழர் முகாம்ல பிறந்து வளர்ந்தவன். 'எங்க அம்மா ராத்திரி தூங்கவே மாட்டாங்கடா'ன்னு ஒருநாள் சொன்னான். 'டாக்டர்கிட்ட காட்டலையா?'ன்னு கேட்டேன். 'என்னன்னு சொல்லிக் காட்டுறது?'ன்னான். எனக்குப் பதில் தெரியலை. ரொம்ப வருஷம் கழிச்சு, அந்தக் கேள்விக்கு உலகத்துல யாராவது பதில் தேடியிருக்காங்களான்னு படிக்க ஆரம்பிச்சேன். அது சுத்திச் சுத்தி தாத்தாவோட ரேடியோவுக்கே வந்து நின்னுது.

முதல்ல பூனா. 1956ல் யுனெஸ்கோ உதவியோட ஆல் இந்தியா ரேடியோ ஒரு சோதனை நடத்தியது. சுமார் 150 கிராமங்கள். ஊருக்கு இருபது பேர் போல ரேடியோவைச் சுத்தி உட்காரணும், நிகழ்ச்சியைக் கேட்கணும், முடிஞ்சதும் அங்கேயே அதைப் பத்திப் பேசணும். இதை ஆய்வு செய்த சமூகவியலாளர் பால் நியூராத், ரேடியோ மட்டும் இருக்கும் ஊர்களையும், அதுவும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். குழுவா உட்கார்ந்து பேசின ஊர்க்காரங்கதான் அதிகம் கத்துக்கிட்டாங்க. வெறும் ரேடியோவால அந்த அளவுக்கு முடியலை. இதுல இன்னொரு விஷயம், நியூராத்தே ஒரு அகதி. ஆஸ்திரியாவில் பிறந்து, நாஜிகளின் டாகாவ், புகன்வால்ட் முகாம்களில் அடைபட்டு, வெளியே வந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்.

அடுத்தது ஆப்கானிஸ்தான். 1951லிருந்து பிபிசியில் 'தி ஆர்ச்சர்ஸ்'னு ஒரு கிராமத்து நாடகம் ஓடுது. போருக்குப் பிறகு விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லத்தான் அதை ஆரம்பிச்சாங்க. அதே பாணியில் 1994ல் 'புது வீடு, புது வாழ்வு' என்ற பொருளில் பஷ்தூ, தாரி மொழிகளில் ஒரு தொடர் நாடகம் வந்தது. ஆப்கானிஸ்தான்ல இருந்தவங்களோட, பாகிஸ்தான்ல தஞ்சம் புகுந்திருந்த அகதிகளும் கேட்டாங்க. மாமியார் மருமகள் சண்டைக்கு நடுவுல தடுப்பூசி வரும், கண்ணிவெடி வரும். 1990களின் கடைசியில் நடந்த ஒரு ஆய்வில், நாடகம் கேட்டவர்களை விடக் கேட்காதவர்கள் கண்ணிவெடியில் சிக்குவது இரண்டு மடங்கு அதிகம்னு தெரிஞ்சுது. ஊர் திரும்புற அகதிக்கு அது உயிர்க்கல்வி.

சரி, கரண்ட் இல்லாத இடத்துல என்ன பண்றது? 1991ல் ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் நிலைமை பற்றி டிவியில் பார்த்த டிரெவர் பேலிஸ் என்ற ஆங்கிலேயர், கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தா பாடுற ரேடியோவைக் கண்டுபிடிச்சார். எஞ்சினியரா எனக்கு ரொம்பப் பிடிச்ச கருவி இது.

ஆனா நெல்லு, தடுப்பூசி, கண்ணிவெடி எல்லாம் தகவல். தூக்கம் வராத மனசுக்கு என்ன தகவல் சொல்ல முடியும்? என் சந்தேகம் இதுதான்.

அதுக்குப் பதில் உகாண்டாவில் கிடைச்சுது. அங்கே ரைனோ முகாமில் தென்சூடானிலிருந்து வந்த அகதிப் பெண்கள் இருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் 'செல்ஃப் ஹெல்ப் பிளஸ்' என்ற பயிற்சியை அவங்க பேசுற ஜூபா அரபியில் ஆடியோவாகப் பதிவு செய்தது. வாரம் ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் போல, மொத்தம் ஐந்து வாரம். இருபது முப்பது பேர் சேர்ந்து கேட்கணும். மனசு புயல் மாதிரி அலையும்போது காலைத் தரையில் ஊன்றி நிற்பது எப்படின்னு அந்தக் குரல் சொல்லித் தரும். கையில் ஒரு படப் புத்தகம். நடத்துறவங்க டாக்டர் இல்லை, கொஞ்ச நாள் பயிற்சி பெற்ற சாதாரண ஆளுங்க. 694 பெண்களிடம் நடந்த இந்தச் சோதனையின் முடிவு 2020ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்தது. மூணு மாசம் கழிச்சும், பயிற்சி எடுத்தவங்களோட மனவேதனை மத்தவங்களை விடக் குறைஞ்சிருந்தது. இது மருந்துக்கு மாற்று இல்லை, நோய் முத்தினவங்களுக்கு டாக்டர்தான் வேணும். ஆனா டாக்டரே இல்லாத ஊருக்கு இது பெரிய விஷயம். இதுவும் அதே பூனா முறைதான் பாருங்க: கேள், கூடி உட்கார், பேசு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1983லிருந்து வந்தவர்களில் சுமார் 58,000 பேர் 2021 கணக்குப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருந்தாங்க. அந்த வருஷம் அரசு அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்'னு பேர் மாத்தி, வீடு கட்டவும் பணம் ஒதுக்கியது. நல்ல காரியம். 1984ல் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்ல இருக்கறவங்களையே சுகாதாரப் பணிக்குத் தயார் பண்ணியிருக்கு. அதனால ஆள் இருக்கு. மொழி நம்ம மொழி. ஸ்பீக்கர் ஐநூறு ரூபாய்.

டெல்டாவில் அப்பா தலைமுறைக்குப் பாட்டு கேக்கணும்னா இலங்கை வானொலிதான். கடல் தாண்டி வந்த அந்தக் குரல்ல எத்தனை பேர் கவலை மறந்து தூங்கியிருப்பாங்க! அந்தக் கடனை நாம இன்னும் திருப்பித் தரலைன்னு தோணுது. நண்பனுக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, 'தமிழ்ல இருந்தா அனுப்புடா, அம்மாவுக்குப் போட்டுக் காட்டுறேன்'ன்னான்.

தேடிக்கிட்டிருக்கேன்.