காக்காப்பொன்னில் ஒரு முகம்

காக்காப்பொன் எனப்படும் மைக்காவைக் கத்தி நுனியால் இதழ் இதழாக உரிக்கலாம். கண்ணாடிபோல் மறுபக்கம் தெரியும், எடையோ இல்லவே இல்லை. மொகரம் ஊர்வலத்து விளக்குகளில் அது மின்னிய காலம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அதே தகட்டில் அந்த ஊர்வலத்தையே வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். முர்ஷிதாபாத், பாட்னா, தெற்கே திருச்சிராப்பள்ளி ஆகியவை இதற்குப் பேர்போன ஊர்கள்.

திருச்சியில் பட்டாளம் இருந்தது. சீமைக்குத் திரும்பும் துரைகளும் துரைசானிகளும் ஊர் நினைவாக எதையாவது வாங்கிப்போக ஆசைப்பட்டார்கள். சாதி, தொழில், சாமி, திருவிழா என்று வகைபிரித்த படங்கள் கட்டாக விற்றன. மூலப்படத்தை அடியில் வைத்துத் தகட்டின்மேல் கோடு இழுத்தால் நகல் தயார். படத்தில் வரும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் முஸ்லிம் பெண்ணை ஓவியர் நேரில் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூலப்படம் ஒன்று கையில் இருந்தால் போதும். இதில் ஐரோப்பியர்களும் சளைத்தவர்கள் அல்லர். துருக்கிக் குளியலறைப் பெண்களை 1862-ல் வரைந்து முடித்த பிரெஞ்சு ஓவியர் ஆங்கர், கிழக்குப் பக்கம் போனதே இல்லை.

இந்தத் தகடுகளில் வேடிக்கையான ஒரு வகை உண்டு. அட்டையில் ஒரே ஒரு முகம். மேலே வைக்கும் காக்காப்பொன் தகடுகளில் உடையும் நகையும் மட்டும். முகம் இருக்க வேண்டிய இடம் வெறுமை. தகட்டை மாற்ற மாற்ற, அதே முகம் வேறு சாதி, வேறு தொழில், வேறு மதம் என்று மாறிக்கொண்டே போகும். இந்தியாவை உடையால் பிரித்து அடுக்கிவிடலாம் என்று நினைத்தவர்களுக்கு ஏற்ற விளையாட்டுச் சாமான்.

கப்பலேறிய படங்கள் ஆல்பங்களிலும் பெட்டிகளிலும் அடங்கின. காக்காப்பொன்னில் வண்ணம் ஆழமாகப் பிடிக்காது. வளைந்தால் உதிரும், தகடே அடுக்கு அடுக்காகப் பிரியும். புகைப்படமும் பிறகு பட அஞ்சலட்டையும் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய இந்தியா மியூசியம் 1879-ல் கலைக்கப்பட்டு, அதன் பொருள்கள் சவுத் கென்சிங்டன் மியூசியத்துக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் பங்குபோயின. சவுத் கென்சிங்டனுக்கு 1899-ல் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்று பெயர் மாறியது. திருச்சித் தகடுகள் இன்று அங்கேயும் இருக்கின்றன.

தகடு லண்டனில் இருக்கட்டும்; அதில் வரைந்த பண்டிகை இங்கேதான் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த முதுவன்திடலில் மொகரத்தை நடத்துபவர்கள் இந்துக்கள். பாத்திமா நாச்சியார் பள்ளிவாசலுக்கு விரதமிருந்து ஆண்கள் பூக்குழி இறங்குகிறார்கள். பெண்கள் ஈரத்துணியால் தலையை மூடி உட்கார, நெருப்புக் கங்குகளை அள்ளி அவர்கள் தலைமேல் போடுகிறார்கள். பாத்திமாவை நாச்சியார் என்றே அழைத்துப் பழகிய ஊர் அது.

இந்தப் பெண்களுக்கு எந்தத் தகட்டை மாட்டுவது? இந்து உடைத் தகடு என்றால் நேர்த்தி இடிக்கும். முஸ்லிம் உடைத் தகடு என்றால் சேலை இடிக்கும். உடை, சாதி, மதம் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கியவர்களுக்காக வரையப்பட்ட படக்கட்டுக்குள் இப்படி ஒரு படத்துக்கு இடமே கிடையாது. கேட்டவர் இருந்திருந்தால் திருச்சி ஓவியர் அதையும் வரைந்து கொடுத்திருப்பார்.