நாண் சைன் ஆன வரலாறு

முக்கோணவியலில் சைன் என வழங்கும் சொல்லின் வேர், வட்டத்தில் வில்லைக் கண்ட இந்தியக் கணிதத்தில் உள்ளது. பரிதியின் ஒரு துண்டு வில். அதன் இரு முனைகளையும் சேர்க்கும் கோடு நாண். தமிழ்வழிப் பள்ளியில் வட்டம் படிக்கும் மாணவரும் இன்று இதே இரு சொற்களைத்தான் எழுதுகிறார். வடமொழியில் நாணுக்கு ஜ்யா, ஜீவா என்று பெயர். கோள்நிலைகளைக் கணிக்க முழு நாணைவிட அரை நாண் எளிது. கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயம், ஆரத்தை 3438 கலையாகக் (கோண நிமிடமாகக்) கொண்டு, கால்வட்டத்தை 24 சம வில்களாக வகுத்து, அரை நாண்களின் வேறுபாடுகளைத் தருகிறது. அர்த்தஜ்யா என்ற பெயரில் ‘அரை’ நாளடைவில் உதிர்ந்து ஜ்யா, ஜீவா என்பனவே நின்றன.

8ஆம் நூற்றாண்டில், கலீபா அல்மன்சூர் காலத்துப் பாக்தாதில் இந்திய வானியல் அரபுமொழிக்குச் சென்றது. ஜீவா அங்கே ஜீப் ஆயிற்று. அரபியில் அதற்கு வேறு பொருள் கிடையாது; ஒலியை மட்டும் கடன் வாங்கியிருந்தனர். குறில் உயிர்களை எழுதாத அந்த எழுத்துமுறையில் ஜீப், ஜைப் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தாம். ஜைப் பழகிய சொல்; சட்டையின் கழுத்துத் திறப்பையும் மார்பையும் குறிப்பது. பின்வந்தோர் அப்படியே படித்தனர்.

12ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அரபு நூல்கள் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது, மடிப்பு, மார்பு, வளைகுடா எனப் பொருள்படும் சைனஸ் அவ்விடத்தில் அமர்ந்தது. முதலில் அவ்வாறு பெயர்த்தவர் கிரெமோனாவின் ஜெரார்டு என்பர் சிலர். செஸ்டரின் ராபர்ட் என்பர் வேறு சிலர். எவராயினும் அவர்மீது பழி சுமத்துவது நியாயமன்று. கண்முன் இருந்த சொல்லை அவர் சரியாகவே பெயர்த்தார்; பிசகு அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது.

அம்பின் கதி வேறு. வில்லின் நடுவுக்கும் நாணின் நடுவுக்கும் இடைப்பட்ட உயரத்தை வடமொழியினர் சரம், அதாவது அம்பு, என்றனர். அரபியர் அதன் பொருளையே எடுத்துக்கொண்டு சஹ்ம் என்றனர். லத்தீனில் அது சஜிட்டா. மூன்று மொழியிலும் அம்பு அம்பாகவே இருந்தது. பொருளோடு போன சொல் பிழைத்தது. ஒலியாக மட்டும் போன நாண் தொலைந்தது.

கோசைன் இந்த வழியில் வந்ததன்று. வடமொழிக் கோடிஜ்யாவோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல். நிரப்புக்கோணத்தின் சைன் என்னும் லத்தீன் தொடரை 1620இல் எட்மண்ட் குண்டர் சுருக்கி எழுதியதே அதன் பிறப்பு.