‘பண்டாராயா’ மீனை நம்பித் தொட்டியை விடலாமா? வேட்டை மீன் வளர்ப்போர் அறிய வேண்டியவை

வீட்டு மீன் தொட்டி சீக்கிரம் அழுக்காகிறதே என்று கவலைப்படுபவர்கள் பலரும் முதலில் வாங்கி வருவது ‘இக்கான் பண்டாராயா’வைத்தான். மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு ‘மாநகர மீன்’ என்று பொருள். மாநகர் மன்றத் தொழிலாளர்கள் தெருவைக் கூட்டுவதுபோல இந்த மீன் தொட்டியைக் கூட்டிப் பெருக்கிவிடும் என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

உண்மை வேறு. பண்டாராயா மீன் கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. அதுவும் தின்று, வளர்ந்து, கழிவு போடும் மீன்தான். விரல் நீளத்தில் வாங்கியது ஓர் அடிக்கு மேல் வளரும். இரவில் தட்டையான உடல் கொண்ட பெரிய மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு, அவற்றின் உடலைக் காக்கும் வழவழப்பை உறிஞ்சிப் புண்ணாக்கவும் செய்யும். கழிவு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது.

பினாங்கில் அரோவானா, ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன், தோமான் போன்ற வேட்டை மீன்களை ஆசையாக வளர்க்கும் வீடுகள் நிறைய. ‘கெலிசா’ எனப்படும் அரோவானா பக்கத்து மாநிலமான பேராவின் புக்கிட் மேரா ஏரிக்குப் பேர் வாங்கித் தந்த மீன். ஃபிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவிலேயே கலப்பினமாக உருவாக்கப்பட்டது. நம் நாட்டுக்கு நெருக்கமான இந்த மீன்கள் திடீரென்று செத்து மிதப்பதற்கு நோயைவிட, கண்ணுக்குத் தெரியாத நீர் அழுக்கே பல வேளைகளில் காரணமாகிறது.

தெளிந்த நீர் எல்லாம் சுத்தமான நீர் அல்ல

வேட்டை மீன்களின் உணவு புரதம் நிறைந்தது. புரதத்தின் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன். மீன் அதைச் செரித்தபின், மிஞ்சும் நைட்ரஜனின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. நீர் பளிங்குபோல் தெரியும்போதே அதில் நஞ்சு ஏறியிருக்கலாம்.

போதாததற்கு இவை சாப்பிடும் விதமும் அப்படி. ஆஸ்கார் மீன் உணவைத் தொண்டைப் பற்களால் நொறுக்கும்போது தூளாகிப் போவது செவுள் வழியே புகைபோல் வெளியேறும். அந்தத் தூள் கூழாங்கற்களுக்கு இடையில் தங்கி அழுகும். இதனால்தான் அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பலர் இந்த மீன்களுக்குக் கல்லோ மணலோ இல்லாத வெறுந்தரைத் தொட்டியை விரும்புகிறார்கள். கழிவு கண்ணில் படும், குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதும் எளிது.

ஒரு சிறு கணக்கு

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 430 லிட்டர் நீர் பிடிக்கும். அதில் உள்ள மீன்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் குருணைத் தீவனம் போடுவதாகக் கொள்வோம். தீவனத்தில் 40 விழுக்காடு புரதம் என்றால் 4 கிராம் புரதம். அதில் நைட்ரஜன் 0.64 கிராம். பாதி உடல் வளர்ச்சிக்கும் சாணமாகவும் போய், மறுபாதி அம்மோனியாவாக நீரில் கலந்தால், ஒரே நாளில் லிட்டருக்கு 0.74 மில்லிகிராம் சேர்கிறது.

இந்த அம்மோனியா எவ்வளவு நஞ்சாகும் என்பதை நீரின் அமில–காரத் தன்மையான பிஎச் அளவு முடிவு செய்கிறது. 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பிஎச் 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 6 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நீண்ட காலத்துக்கு மீன் தாங்கக்கூடிய எல்லையாகப் பொதுவாகச் சொல்லப்படுவது லிட்டருக்கு 0.02 மில்லிகிராம். மேலே சொன்ன தொட்டியில் வடிகட்டி வேலை செய்யாமல், பிஎச் 8 ஆகவும் இருந்தால், ஒரு நாள் கழிவே இந்த எல்லையைப் போல இரு மடங்கைத் தாண்டிவிடும்.

உண்மையான துப்புரவாளர்கள்

இந்த நஞ்சை நீக்குவது நுண்ணுயிர்கள். வடிகட்டியில் உள்ள பஞ்சு, ஜப்பான் மேட், பீங்கான் வளையம் ஆகியவற்றின் மேல் அவை படலமாக வளர்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், அது மீனின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கவிடாமல் தடுக்கும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல, ஆனால் சேர்ந்துகொண்டே போகும்.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இன்று தொட்டி, நாளை அரோவானா என்ற அவசரம் இங்கேதான் பழி வாங்குகிறது. பழகிய தொட்டியிலிருந்து கொஞ்சம் வடிகட்டிப் பஞ்சை வாங்கிப் போட்டால் இந்தக் காலம் குறையும்.

தீபாவளிக்கு வீட்டைக் கழுவும் வேகத்தில் தொட்டி நீரை முழுதாகக் கொட்டி, வடிகட்டியைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுவது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. குழாய் நீரில் உள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பண்டிகை முடிந்த சில நாளில் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே ஒரு வாளியில் அலசுவதுதான் முறை. எல்லாப் பஞ்சையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது.

வாரம் எவ்வளவு நீர் மாற்றுவது?

வடிகட்டி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் நைட்ரேட்டை வெளியேற்றுவது நீர் மாற்றம்தான். மேலே சொன்ன தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 23 மில்லிகிராம் நைட்ரேட் சேரும். வாரம் 30 விழுக்காடு நீர் மாற்றினால் நாளடைவில் அது 77 வரை ஏறி அங்கே நிற்கும். 50 விழுக்காடு மாற்றினால் 46இல் நிற்கும். 40க்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்பதால், பாதி நீர் மாற்றுவதோடு தீவனத்தையும் சற்றுக் குறைக்க வேண்டும். வாரம் இருமுறை சிறிது சிறிதாக மாற்றுவது மீனுக்கு இன்னும் இதம்.

கழித்த நீரைக் கால்வாயில் கொட்ட வேண்டியதில்லை. நைட்ரேட் நிறைந்த அந்த நீர் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் நல்ல உரம்.

பல மாதம் கவனிக்காத தொட்டி

பினாங்கின் குழாய் நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. இத்தகைய ஆற்று நீர் பொதுவாக மென்னீர். பிஎச் அளவைத் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மை அதில் குறைவு. நுண்ணுயிர்கள் 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. மாதக்கணக்கில் நீர் மாற்றாத தொட்டியில் அது தீர்ந்து, பிஎச் சரிந்து, நுண்ணுயிர்களும் சோர்ந்துவிடும். அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் பிஎச் தாழ்ந்திருப்பதால் அது நஞ்சாகத் தெரியாது.

அப்போது உரிமையாளர் மனம் மாறி ஒரே நாளில் முக்கால் தொட்டி நீரை மாற்றினால், பிஎச் சட்டென்று உயரும். மிச்சமிருக்கும் அம்மோனியா நஞ்சாக மாறும். “சுத்தம் செய்த அன்றே மீன் செத்தது” என்று சிலர் சொல்வதன் பொருள் இதுதான். கவனிக்காமல் விட்ட தொட்டியில் நாளுக்கு 10 விழுக்காடு வீதம் ஒரு வாரத்துக்கு மேல் மாற்றி மெதுவாகச் சரிசெய்ய வேண்டும். வடிகட்டியில் ஒரு பிடி பவளக் கல்லை வலைப்பையில் கட்டிப் போட்டால் பிஎச் சரியாமல் தாங்கும்.

குழாய் நீரும் நீர் வெட்டும்

குழாய் நீரை நேராக ஊற்றக்கூடாது. கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் புட்டியில் எழுதியுள்ள அளவில் கலக்கலாம். அல்லது அகன்ற தொட்டியில் காற்றுக் குமிழ் விட்டு ஒரு நாள் வைத்திருக்கலாம். வைத்திருக்கும் நீரை வலையால் மூட மறக்கக்கூடாது. ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். கொசு பெருக இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டு சட்டத்தின்படி குற்றம்.

2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கில் நான்கு நாள் நீர் விநியோகம் தடைபட்டது நினைவிருக்கும். அப்படிப்பட்ட அறிவிப்பு வந்தால் மீன் வளர்ப்போர் செய்ய வேண்டியது இது: தடைக்கு முதல் நாள் நீர் மாற்றிவிடுவது, தடை நாள்களில் தீனியை நிறுத்துவது. வளர்ந்த வேட்டை மீன் நான்கு நாள் பட்டினியைத் தாங்கும். நான்கு நாள் கழிவைத்தான் தாங்காது.

தீனியில் அடக்கம்

வளர்ந்த மீனுக்கு ஒரு நாளுக்கு ஒரு வேளை போதும். வாரத்தில் ஒரு நாள் விரதமும் நல்லது. ஐந்து நிமிடத்தில் தின்னாததை வலை போட்டு எடுத்துவிட வேண்டும். இறாலை உரித்து, அளவாக நறுக்கிக் கொடுத்தால் ஓடு நீரில் மிதக்காது. தீனிக்கென விற்கும் உயிருள்ள சிறு மீன்கள் நோயையும் ஒட்டுண்ணியையும் கொண்டு வரலாம். சுவரில் பிடித்த பல்லியைக் கெலிசாவுக்குப் போடும் பழக்கமும் ஆபத்தானது. அந்தப் பல்லி பூச்சிமருந்து பட்ட கரப்பானைத் தின்றிருக்கலாம்.

மின்தடையும் கொசு மருந்துப் புகையும்

20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். நம் ஊரில் 30 பாகையைத் தொடும் நீர் 7.5 தான் தாங்கும். அதனால் மின்தடையில் பெரிய மீன் சீக்கிரம் திணறும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்று பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. பல மணி நேரம் நின்றுபோன மூடிய வடிகட்டியைத் திறந்து அலசாமல் மீண்டும் ஓடவிடக்கூடாது. உள்ளே அழுகிய நீர் அப்படியே தொட்டிக்குள் பாயும்.

டிங்கி தடுப்புப் புகை அடிக்கும்போது காற்று பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூட வேண்டும். அந்த மருந்துகள் மீன்களுக்குக் கொடியவை. பம்ப் ஓடினால் புகையை இழுத்து நீருக்குள்ளேயே ஊதிவிடும்.

வளர்ந்துவிட்டால்?

தோமான் ஒரு மீட்டர் வரை வளரும். அரோவானா மூன்றடியை நெருங்கும். வாங்கும்போதே இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இடம் போதவில்லை என்று ஆற்றிலோ குளத்திலோ விடுவது பெருந்தவறு. சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் இன்று பெருகிக் கிடக்கும் பண்டாராயா மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. மனிதர் கை படாமல் அது இங்கே வந்திருக்க வழியில்லை. வளர்க்க இயலாதவர்கள் மீன் கடையிலோ மற்ற வளர்ப்பாளரிடமோ ஒப்படைக்கலாம். ஆசிய அரோவானா சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் பாதுகாக்கப்பட்ட இனம். ஆகவே மீன் கைமாறும்போது அதன் சான்றிதழும் மைக்ரோசிப் எண்ணும் சேர்ந்தே கைமாற வேண்டும்.

நினைவில் கொள்ள

நாள்தோறும்: மிச்சத் தீனியை எடுப்பது, மீனின் மூச்சைக் கவனிப்பது.

வாரந்தோறும்: தரைக் கழிவை உறிஞ்சிப் பாதி நீர் மாற்றுவது, மேல் பஞ்சைத் தொட்டி நீரில் அலசுவது.

மாதந்தோறும்: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் சோதிப்பது. முதல் இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே தீனியை நிறுத்தி, அளவோடு நீர் மாற்றத் தொடங்க வேண்டும்.