கரிசல் பருத்தியும் ஏகாம்பரநாதனின் ராட்டையும்



"பருத்தி புடவையாய்க் காய்த்தது" என்று ஒரு பழமொழி உண்டு. எதிர்பாராமல் கூடிவந்த நல்ல காரியத்துக்குச் சொல்வார்கள். செடிக்கும் சேலைக்கும் நடுவில் எத்தனை கைகள் வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் உண்டாக்கிய பழமொழி அது.

தாமிரபரணிக் கரையில் நமக்கு நெல்லும் வாழையும்தான். பருத்தி விளைந்தது வடக்கே கரிசலில்: கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், சங்கரன்கோவில். (1986-இல் தூத்துக்குடி பிரியும்வரை எல்லாம் ஒரே மாவட்டம்.) அங்கே போட்டது கருங்கண்ணி. இழை குட்டை. ஆனால் கிணறு கேட்காது. ஐப்பசி மழையும் கரிசலின் ஈரமும் போதும்.

காய் வெடித்ததும் பெண்கள் பருத்தி எடுப்பார்கள். வெயிலில் காயவைத்து, இரண்டு மர உருளைகள் சுழலும் மணையில் கொடுத்தால் கொட்டை ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம். கொட்டை மாட்டுக்கும் பருத்திப்பாலுக்கும். செடி காய்ந்தால் பருத்திமார், அடுப்புக்கு. பஞ்சை வில்லால் அடித்துப் பட்டை போட்டு ராட்டையில் நூற்பார்கள். சிட்டம் சிட்டமாக நூல் தறிக்குப் போகும். ஒரு தறி ஓட நாலைந்து ராட்டையாவது சுற்ற வேண்டும். புறநானூற்றிலேயே பருத்தி நூற்கும் பெண் வருகிறாள். ஆனால் நெய்தவர்களுக்குச் சங்கமும் தெருவும் பெயரும் இருந்தன. நூற்றவர்களுக்கு எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர்கள் வேலை போனபோது யாரும் பெரிதாகப் பேசவில்லை.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். இங்கிலாந்து ஆலைகளுக்கு அங்கிருந்து வந்த பஞ்சு நின்றது. நம் பருத்திக்கு விலை ஏறியது. 'டின்னவெல்லி' என்ற பெயரிலேயே தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. 1876-இல் ரயிலும் வந்துவிட்டது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை கட்டினார்கள். கவனியுங்கள், அது நெசவு ஆலை அல்ல, நூற்பாலை. ஏற்கெனவே சீமை நூல் வந்துகொண்டிருந்தது. இப்போது உள்ளூர் ஆலை நூலும் மலிவாகக் கிடைத்தது. தறி தப்பித்தது, ராட்டை நின்றது. கைத்தறி என்று நாம் பெருமையோடு வாங்கும் துணியில் பெரும்பாலும் நெசவு மட்டும்தான் கை, நூல் ஆலையுடையது.

1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியது எல்லோருக்கும் தெரியும். ராட்டை மறுபடி சுற்றியது. ஆனால் ஒற்றைக் கதிர் ராட்டையில் நாள் முழுக்க நூற்றாலும் வயிறு நிறையும் கூலி கிடைக்கவில்லை. இதற்கு வழி தேடியவர் நம் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர், ஏகாம்பரநாதன். நூற்பாலை இயந்திரம் இழையை இழுத்து மெலிதாக்கும் முறையைக் கையால் சுற்றும் ராட்டைக்குள் கொண்டுவந்தார். ஒரு கைப்பிடியைச் சுற்றினால் பல கதிர்கள் ஓடும். அவர் பெயரிலிருந்து எடுத்துத்தான் 'அம்பர் சர்க்கா' என்று நாடு முழுவதும் அழைத்தார்கள். 1956-இல் அதை ஆராய மத்திய அரசு ஒரு குழுவே போட்டது. இன்றைக்கும் காதி நூலில் பெரும்பகுதி அந்த வகை ராட்டையில்தான் வருகிறது. அவர் பெயரில் நம் ஊரில் ஒரு தெருவாவது இருந்திருக்கலாம்.

அம்பர் ராட்டை நூற்பவருக்கு வேலை தந்தது. கருங்கண்ணிக்கு அது உதவவில்லை. ஆலைக்கு நீள இழை வேண்டும். சந்தை அதற்கே விலை கொடுத்தது. காதிக்கான பஞ்சுப் பட்டையே இன்று சித்ரதுர்கா போன்ற ஊர்களில் இயந்திரத்தில் தயாராகி வருகிறது. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியிலிருந்து 'கே' வரிசை ரகங்களை வெளியிட்டது. அந்தப் பருத்தியைச் சில இடங்களில் திரும்ப விதைக்கிறார்கள் என்பது சந்தோஷம்.

கரிசல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டுப் பரணில் பழைய மணையோ ராட்டையோ கிடந்தால் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைச் சுற்றிய ஆச்சியின் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.