வெடித்த பீரங்கியும் விளைந்த வரைபடமும்

எதிரியின் மீது குண்டைக் கக்கவேண்டிய பீரங்கி, ஏவியவன் பக்கத்திலேயே வெடித்துச் சிதறினால்? உருசிய நாட்டு பீட்டர்சுபர்க் நகரில், ஒபுகோவ் உருக்காலையில், 1860களில் எழுந்த கேள்வி இது. ஒரே ஆலை, ஒரே உருக்கு. எனினும் ஒரு குழாய் உறுதியாய் நின்றது, இன்னொன்று உடைந்து நொறுங்கியது. தலைவிதி என்று கூறித் தப்பித்துக்கொள்ள வழியிருந்தது. டிமித்ரி செர்னோவ் என்ற பொறியாளர் அந்த வழியை நாடவில்லை. உடைந்த துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தார்.

உடைந்த குழாயின் உள்ளே மணிகள் பருத்திருந்தன. உறுதியான குழாயில் அவை நுண்ணியவாய் இருந்தன. ஏன்? கொதிக்கும் உருக்கின் சூட்டை அளக்க ஏற்ற கருவி அவரிடம் இல்லை. கண்ணே கருவி, கனலின் நிறமே கணக்கு! 1868இல் அவர் இரண்டு எல்லைகளை அறிவித்தார். முதல் எல்லையைத் தொடாத உருக்கை எவ்வளவு விரைவாகக் குளிரச் செய்தாலும் அது கடினமாகாது. இரண்டாம் எல்லையைத் தொட்டால், பருமணிகள் மறைந்து நுண்மணிகள் பிறக்கும்.

பனிக்கட்டி உருகி நீராவதை நாம் அறிவோம். கட்டியாக இருக்கும்போதே ஒரு பொருள் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளுமா? மாற்றிக்கொள்கிறது இரும்பு! 912 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலுமாக நிற்கின்றன. அதற்கு மேலே அணிவகுப்பு மாறி, மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலுமாக நிற்கின்றன. இந்த இரண்டாம் வீட்டில் கரிக்கு இடம் உண்டு. நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல்வரை கரையும். முதல் வீட்டிலோ 0.02 பங்குக்கே மூச்சு முட்டும். மெல்லக் குளிர்ந்தால் கரி வெளியேறி, இரும்போடு கூடிச் சிமென்டைட் என்ற தட்டுகளாக அமையும். நீரில் திடீரெனத் தோய்த்தால் வெளியேற நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கலுக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். தோய்த்த வாளின் கடுமை அதிலிருந்தே வருகிறது.

பிரான்சு நாட்டு ஆஸ்மாண்ட் 1880களில் இம்மாற்றங்களை வெப்பமானி கொண்டு அளந்தார். இங்கிலாந்து நாணயச் சாலையின் இராபர்ட்சு-ஆஸ்டன் 1897இல் அவற்றைப் படமாக்கினார். ஆலந்து நாட்டு ரூசபூம் 1900இல், அமெரிக்க அறிஞர் கிப்சின் விதியைத் துணைகொண்டு அப்படத்தைத் திருத்தினார். படுக்கைக் கோட்டில் கரியின் அளவு. நிமிர்ந்த கோட்டில் வெப்பம். தூய இரும்பு உருக 1538 பாகை வேண்டும், 4.3 பங்கு கரி சேர்ந்தால் 1147 பாகையே போதும். எந்தப் புள்ளியில் விரலை வைத்தாலும், அங்கே இரும்பு எந்நிலையில் இருக்கும் என்று படம் சொல்லும். எவர் விரல் என்று அது கேட்பதில்லை!

நம் நாட்டு உருக்குக்கும் அந்தப் படத்தில் இடம் உண்டு. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து மேல்சிறுவளூரில் உருக்கு வார்த்த மூசைகளின் துண்டுகள் கிடைத்துள்ளன. இரும்போடு ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் மூசையிலிட்டு மூடிக் காய்ச்சிய முறையை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் எழுதிவைத்தனர். குச்சியின் கரி இரும்பில் ஏற, உருகும் வெப்பம் இறங்கியது. ஊதுலைத் தீக்கே அது பணிந்தது. பழம்பெருமை பேசிப் பூரிக்க நாம் இதைக் கூறவில்லை. கொல்லனின் கண் கண்டதைக் கொல்லனே எழுதிவைக்க வகையில்லாத சமுதாயமாக அன்றோ நாம் இருந்தோம்! தந்தை சொல்ல மகன் கேட்ட அறிவு, மலிவான அயல்நாட்டு இரும்பு வந்து உலைகள் அணைந்தபோது, உலையோடு அணைந்தது.

அந்த உருக்கை ‘ஊட்சு’ என்ற பெயரில் 1819இல் ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. அவரும் கொல்லர் மகன்தான்; புத்தகம் கட்டும் தொழிலாளியாயிருந்து அறிவியல் மன்றம் ஏறியவர். அலுமினிய மண்ணின் கூறே அதன் சிறப்புக்குக் காரணம் என்று அவர் எண்ணினார். உண்மையில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் இருந்த கரியின் வேலை. ஐரோப்பியக் கொல்லர் பலர், தம் வழக்கப்படி அதை வெண்சூட்டில் காய்ச்சி அடித்தபோது, அது சம்மட்டியின் கீழ் நொறுங்கியது. சரக்கு மட்டம் என்றனர். குறை சரக்கில் இல்லை. அவ்வளவு கரி ஏறிய உருக்கு 1300 பாகைக்குக் கீழேயே மணிகளின் ஓரத்தில் உருகத் தொடங்கிவிடும்; வெண்சூடு அந்தக் கோட்டைத் தாண்டிய சூடு. செஞ்சூட்டில், பொறுமையாக அடித்திருக்க வேண்டும்.