முகப்புக் கண்ணாடி உறைபனிக் காப்பு

முகப்புக் கண்ணாடி உறைபனிக் காப்பு என்பது, குளிர் மிகுந்த இடங்களில் இரவில் திறந்தவெளியில் நிறுத்தப்படும் தானுந்துகளின் முகப்புக் கண்ணாடியில் உறைபனி படியாமல் தடுக்கும் முறைகளையும், படிந்த உறைபனியைக் கண்ணாடிக்குச் சேதமின்றி நீக்கும் முறைகளையும் குறிக்கும். ஐரோப்பா, கனடா, சப்பான் முதலிய பகுதிகளில் இது குளிர்காலத்தின் அன்றாடத் தேவையாகும். தமிழ்நாட்டில் உதகமண்டலம் போன்ற மலைப்பகுதிகளில் திசம்பர், சனவரி மாதங்களில் இதே நிலை காணப்படுகிறது. உறைபனி ஒளியைச் சிதறச் செய்வதால் ஓட்டுநருக்குச் சாலை மறைகிறது. தாழ்வாக உள்ள காலைச் சூரியனை நோக்கி ஓட்டும்போது இவ்வாபத்து மேலும் அதிகமாகும்.

உறைபனி படியும் விதம்

எல்லாப் பொருட்களும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளிவிடுகின்றன. கண்ணாடி இதனை மிக நன்றாகச் செய்யும் பொருளாகும். மேகமற்ற இரவில் வானத்திலிருந்து திரும்பி வரும் வெப்பக் கதிர்கள் குறைவு. ஆகவே வானத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும் முகப்புக் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துவிடுகிறது. கண்ணாடியின் வெப்பநிலை 0 பாகை செல்சியசுக்கும், காற்றின் பனிநிலைக்கும் கீழே இறங்கினால், காற்றிலுள்ள நீராவி நேரடியாகப் பனிக்கட்டிப் படிகங்களாக அதன் மீது படிகிறது. முதலில் நீர்த்துளிகளாகப் படிந்து பின்னர் உறைவதும் உண்டு.

இதனால் காற்றின் வெப்பநிலை 2 அல்லது 3 பாகை செல்சியசாக இருக்கும் இரவிலும் கண்ணாடியில் உறைபனி காணப்படலாம். செங்குத்தான பக்கக் கண்ணாடிகள் சுவர்களையும் மரங்களையும் எதிர்நோக்குவதால் அவற்றில் படிவது பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

தடுக்கும் முறைகள்

வானத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு மறைப்பை ஏற்படுத்துவதே தடுப்பின் அடிப்படை.

- உறையிடுதல்: துணி அல்லது நெகிழி உறையை மாலையிலேயே விரித்து, அதன் ஓரங்களைக் கதவிடுக்கில் செருகி வைப்பர். அட்டையும் இதற்குப் பயன்படும். கண்ணாடி ஈரமின்றி இருத்தல் அவசியம். ஈரமிருந்தால் உறையே கண்ணாடியுடன் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.
- நிறுத்துமிடம்: கூரையின் கீழோ அடர்ந்த மரத்தின் கீழோ நிறுத்தினால் உறைபனி குறையும். கண்ணாடி சூரியன் உதிக்கும் திசையை நோக்கியிருந்தால், படிந்தது காலையில் விரைவில் உருகும்.
- துடைப்பான்கள்: துடைப்பானின் இரப்பர்ப் பட்டை கண்ணாடியுடன் உறைந்திருக்கும்போது அதனை இயக்கினால் பட்டை கிழியலாம்; மின்னோடியும் பழுதடையலாம். எனவே இயந்திரத்தை நிறுத்துமுன் துடைப்பான் விசையை அணைத்துவிட வேண்டும்.
- உட்புற ஈரம்: நனைந்த காலணி, தரைவிரிப்பு ஆகியவற்றின் ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் உறையக்கூடும். வெளியுறையால் இதனை முழுதும் தடுக்க இயலாது. ஈரத்தை அகற்றுவதே வழி.

நீக்கும் முறைகள்

நெகிழியால் ஆன சுரண்டியே பொதுவான கருவியாகும். உலோகச் சுரண்டி கண்ணாடியில் கீறல் ஏற்படுத்தலாம். ஐசோபுரொப்பைல் ஆல்ககால் கலந்த நீரைத் தெளித்தால், பனிக்கட்டியின் உருகுநிலை தாழ்ந்து அது இளகும். உப்புநீரும் பனியை உருக்குமாயினும், உலோகப் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும். சில தானுந்துகளில் கண்ணாடியினுள் பதிக்கப்பட்ட நுண்கம்பிகள் மின்சாரத்தால் சூடேறிப் பனியை உருக்குகின்றன.

வெந்நீரால் ஏற்படும் தீங்கு

முகப்புக் கண்ணாடி என்பது இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நெகிழிப் படலம் வைத்து ஒட்டப்பட்ட அடுக்குக் கண்ணாடியாகும். இவ்வகைக் கண்ணாடிக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெதிக்துசு 1909 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். குளிர்ந்த கண்ணாடியில் வெந்நீரை ஊற்றினால், நீர் பட்ட பகுதி உடனே விரிவடைய, மற்ற பகுதிகள் விரியாமல் இழுவிசைக்கு உள்ளாகின்றன. கல் பட்டு ஏற்பட்ட சிறு வடு ஏற்கெனவே இருந்தால், அது நீண்ட விரிசலாக வளரக்கூடும். ஊற்றிய நீர் மீண்டும் உறைவதும் உண்டு.

நச்சு ஆபத்துகள்

மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டுக் கண்ணாடியைச் சூடாக்குவது உயிருக்கு ஆபத்தானது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றதாகையால் அதனை உணர முடியாது. திறந்தவெளியிலும் புகைபோக்கி பனியால் அடைபட்டிருந்தால் அவ்வளிமம் வண்டியினுள் புகலாம். எனவே இயந்திரத்தை இயக்குமுன் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும்.

கண்ணாடி கழுவும் நீர்மங்களில் உறையாமைக்காகச் சேர்க்கப்படும் மெத்தனால், குடித்தால் பார்வையிழப்பும் மரணமும் விளைவிக்கும் நஞ்சாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.6 விழுக்காடும் அதற்கு மேலும் மெத்தனால் கொண்ட இத்தகைய நீர்மங்களைப் பொதுமக்களுக்கு விற்பது 2019 மே முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

சட்ட விதிகள்

பிரித்தானிய நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 229 ஆம் விதியின்படி, புறப்படுமுன் எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ள பனியை அகற்றுதல் வேண்டும். செருமனியிலும் ஓட்டுநரின் பார்வை மறைக்கப்படாதிருத்தல் சட்டக் கடமையாகும். சிறு துளையளவு மட்டும் சுரண்டிவிட்டு ஓட்டுவது குற்றம். பனியைச் சுரண்டும் நேரத்தில் இயந்திரத்தைத் தேவையின்றி ஓடவிடுவதையும் அந்நாட்டின் சாலைப் போக்குவரத்து விதிகள் அனுமதிப்பதில்லை.