சுவரில் இருந்த கவிதை

கர்னாத்தா நகரத்து அல்ஹம்ரா மாளிகைக்குள் செல்வோர் தூண்களைக் கண்டு வியப்பர். நீரூற்றுகளைக் கண்டு மகிழ்வர். அரபு எழுத்தறிந்தவரோ அங்கே நின்று வாசிப்பர். அம்மாளிகையின் சுவரே ஓர் ஏடு. திருமறை வசனங்களும், ‘அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவருமிலன்’ என்னும் நஸ்ரீ மன்னர்களின் முழக்கமும், அவற்றினிடையே அரசவைக் கவிஞர்களின் கஸீதாக்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. சிங்கங்கள் தாங்கி நிற்கும் நீர்த்தொட்டியின் விளிம்பில் இருப்பதும் இப்னு ஸம்ரக் பாடிய கவிதையே.

1492ஆம் ஆண்டு கர்னாத்தா வீழ்ந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்நகரின் பாபுர் ரம்லா சதுக்கத்தில் அரபு நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. 1567இல் அரபு மொழியைப் பேசவும் எழுதவும் தடை பிறந்தது. 1609 முதல் 1614 வரை, மொரிஸ்கோக்கள் என்றழைக்கப்பட்ட பழைய முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். சுவரில் இருந்த கவிதை மட்டும் எஞ்சியது. அதனருகே வாழ்ந்த மக்களுக்கு அது வெறும் பூவேலைப்பாடாய்த் தோன்றிற்று.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மண்ணின் கவிஞர்கள் சிலர், தாம் வாசிக்கவியலாத அந்தச் சுவரின் பொருளை உணரத் தலைப்பட்டனர். ஸ்பானிய மொழி இலக்கியத்தில் ‘1927ஆம் ஆண்டுத் தலைமுறை’ என வழங்கப்பெறும் இயக்கத்தின் வரலாற்றில் இதுவும் ஒரு பகுதி. பலரும் விரைந்து கடந்துவிடும் இப்பகுதியையே நாம் ஈண்டு சற்று நின்று நோக்க விழைகின்றோம்.

அவ்வியக்கத்தின் பெயருக்குக் காரணம் ஒரு நினைவு விழா. குர்துபாவில் 1561இல் பிறந்து 1627இல் மறைந்த லூயிஸ் தெ கோங்கோரா என்னும் கவிஞரின் முந்நூறாவது நினைவாண்டு 1927. உவமைமேல் உருவகம் ஏற்றிப் பாடிய கோங்கோராவைப் பிற்காலத்துத் திறனாய்வாளர் பலர் பொருளற்றவர், இருண்மையின் கவிஞர் என்று ஒதுக்கியிருந்தனர். அந்த ஒதுக்கப்பட்ட முதியவரையே இளங்கவிஞர்கள் தம் ஆசானாக ஏற்றனர். அவ்வாண்டு டிசம்பரில் இஷ்பீலியா (செவில்) நகரின் இலக்கிய மன்றத்தில் அவர்கள் கூடினர். கூட்டத்திற்குப் புரவலராய் நின்றவர் ஸாஞ்செஸ் மெஹியாஸ் என்னும் காளைப்போர் வீரர். ஃபெடரிகோ கார்ஸியா லோர்கா, ரஃபாயேல் அல்பெர்ட்டி, ஹோர்ஹே கியேன், தாமஸோ அலோன்ஸோ, ஹெரார்தோ தியேகோ முதலியோர் அதில் பங்கு கொண்டனர். பெத்ரோ ஸலினாஸ், விஸெந்தே அலெய்க்ஸாந்த்ரே, லூயிஸ் ஸெர்னூதா ஆகியோரும் இத்தலைமுறையினரே.

புதுமை வேட்கை கொண்ட இளைஞர்கள் பழமையை வெறுப்பது உலக வழக்கம். இவர்களோ தம் புதுமைக்குரிய கருவியைப் பழமையிற் சென்று தேடினர். லோர்காவிடம் இப்போக்கு முன்னரே அரும்பியிருந்தது. 1922இல் இசைமேதை மனுவெல் தெ ஃபாயாவுடன் சேர்ந்து அவர் கர்னாத்தாவில் அந்தலூஸிய நாட்டுப்பாடல் போட்டியொன்றை நடத்தினார். அதையொட்டி நிகழ்த்திய உரையில், ஏழை மக்கள் பாடும் அப்பாடல்களுக்கும் கீழ்த்திசைக் கவிதைகளுக்கும் உள்ள உறவை எடுத்துக் காட்டினார். பாரசீகக் கவி ஹாஃபிஸின் கவிதைகளை அவர் ஸ்பானிய மொழிபெயர்ப்பில் வாசித்திருந்தார்.

ஆனால் தம் சொந்த மண்ணின் அரபுக் கவிதை அவர்களுக்கு எவ்வாறு கிட்டியது? இதற்கு விடை கெய்ரோவில் இருக்கின்றது.

கர்னாத்தாவுக்கு அருகிலுள்ள பனூ ஸயீத் கோட்டையில் பிறந்த இப்னு ஸயீத் அல்மஃரிபி என்னும் அறிஞர், நாடு விட்டுச் சென்று எகிப்தில் தங்கியிருந்த காலத்தில், கி.பி. 1243இல் ஒரு தொகை நூலை இயற்றினார். ‘ராயாத்துல் முபர்ரிஸீன்’ என்பது அதன் பெயர். மிகைத்து நிற்போரின் கொடிகள் என்பது பொருள். அந்தலூஸை மேற்கு, நடு, கிழக்கு எனப் பகுத்து, ஊர்வாரியாகக் கவிஞர்களை நிறுத்தி, அவர்தம் பாடல்களிற் சிறந்த சில அடிகளை மட்டும் அதில் கோத்தார். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழித்து, எமிலியோ கார்ஸியா கோமெஸ் என்னும் இளம் அரபு ஆய்வாளர் ஸ்பெயினிலிருந்து கெய்ரோ சென்றார். அன்னார் தாந்தேயின் காவியத்துக்கும் மிஃராஜ் வரலாறுகளுக்கும் உள்ள ஒப்புமையை 1919இல் நிறுவ முயன்ற அஸின் பலாஸியோஸின் மாணவர். கெய்ரோவில் அஹ்மத் ஸகீ பாஷா என்னும் பெருந்தகை இந்நூலின் படியை அவருக்குக் காட்டினார். அதினின்றும் தெரிந்தெடுத்த கவிதைகளை ஸ்பானிய மொழியில் தந்த நூல் 1930இல் வெளியாயிற்று.

அரபு அணியிலக்கணம் பயின்றோர் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கவிதையை மொழிபெயர்க்கும்போது வஸ்ன் என்னும் யாப்பும் காஃபியா என்னும் இயைபும் பெரும்பாலும் உதிர்ந்து போகின்றன. தஷ்பீஹ் என்னும் உவமையும் இஸ்திஆரா என்னும் உருவகமுமே தப்பி வருகின்றன. பிற்கால அந்தலூஸியக் கவிகளோ உவமையையே உயிராகக் கொண்டவர்கள். ஆற்றையும் இரவையும் மாதுளையையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றாகக் கண்டு களித்தவர்கள். இப்னு ஸயீத் முழுக் கஸீதாக்களைத் தராமல் உவமை ஒளிரும் அடிகளையே பொறுக்கி வைத்தார். எனவே மாட்ரிடின் இளங்கவிகள் கைக்கு வந்து சேர்ந்தது, கோங்கோராவிடம் எதை வியந்தார்களோ அதே உருவகக் கலைதான். அந்நூல் தங்கள் கண்களைத் திறந்ததென்றும், தம்மிடமும் சிறப்பாக லோர்காவிடமும் அதன் தாக்கம் பெரிதென்றும் அல்பெர்ட்டி பிற்காலத்தில் மனமுவந்து கூறினார்.

1932இல் கர்னாத்தாவில் அரபு ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. கார்ஸியா கோமெஸ் அதன் முதல் இயக்குநரானார். அந்நாளில் லோர்கா ‘தமாரித் திவான்’ என்னும் தொகுப்பை எழுதிக் கொண்டிருந்தார். அதிலுள்ள பாடல்களுக்கு ‘கஸல்’, ‘கஸீதா’ என்றே பெயரிட்டார். கார்ஸியா கோமெஸ் முன்னுரை வழங்கினார். கர்னாத்தா பல்கலைக்கழகம் தொடங்கிய அச்சுப்பணி முற்றுப்பெறவில்லை. கவிஞர் மறைந்தபின், 1940இல் நியூயார்க்கில்தான் நூல் வெளிவந்தது.

அப்பாடல்கள் அரபு யாப்பில் அமைந்தவையல்ல; பெயரும் மணமும் மட்டுமே அரபு. இதனைக் குறையென்பார் உளர். தமிழறிந்த நாம் அவ்வாறு கூறவியலாது. கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, முனாஜாத்து என்னும் பெயர்களை அரபியினின்றும் பாரசீகத்தினின்றும் பெற்று, அவற்றைத் தமிழ் யாப்பிலேயே பாடி வைத்தவர்கள் நம் முன்னோர். பெயரை ஏற்றுத் தன் மொழியின் நடையில் பாடுவது இரவலாகாது, அது உறவு.

ஆயினும் பெருமை பேசுவது வேறு, வரலாறு கூறுவது வேறு. லோர்காவுக்கோ அல்பெர்ட்டிக்கோ அரபு தெரியாது. அவர்கள் கற்றது மொழிபெயர்ப்பின் வழியே. கோங்கோராவின் கவிதைக்கும் அந்தலூஸ் அரபுக் கவிதைக்கும் உள்ள ஒப்புமையைத் தாமஸோ அலோன்ஸோ விரிவாக ஆராய்ந்தார். ஒன்றினின்றும் மற்றது நேரே பிறந்தது என்று அவர் துணியவில்லை. நாமும் அந்த எல்லையிலேயே நிற்றல் தகும்.

1936 ஜூன் மாதம், ஒரு நாளேட்டுக்கு அளித்த பேட்டியில் லோர்கா கர்னாத்தாவின் வீழ்ச்சியைப் பற்றி மனந்திறந்தார். பள்ளிக்கூடங்களில் அதை வெற்றியென்று கற்பித்தாலும் அது பெருங்கேடே. போற்றத்தக்க ஒரு நாகரிகமும் கவிதையும் வானியலும் கட்டடக்கலையும் அன்று அழிந்தன என்னும் கருத்துப்படப் பேசினார். அடுத்த மாதம் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகஸ்டில் ஃபிராங்கோ தரப்பினர் அவரைக் கைது செய்து, கர்னாத்தாவுக்கு வெளியே சுட்டுக் கொன்றனர். அக்கொலைக்குக் காரணங்கள் பல. அப்பேட்டிதான் காரணமென்று நாம் கூற வரவில்லை. தன் நகரின் மறக்கப்பட்ட பாதியை நினைவூட்டிய குரல் அந்நகரத்தாராலேயே அடக்கப்பட்டது என்பதை மட்டும் நெஞ்சில் இருத்துகின்றோம். அவருடல் புதைந்த இடம் உறுதியாகக் கண்டறியப்படவில்லை.

போர் முடிந்தபோது அத்தலைமுறை சிதறிவிட்டது. ஸலினாஸும் கியேனும் அமெரிக்கா சென்றனர். ஸெர்னூதா 1963இல் மெக்ஸிகோவில் மறைந்தார். 1939இல் வெளியேறிய அல்பெர்ட்டி 1977இல்தான் தாயகம் திரும்பினார். தாயகத்திலேயே தங்கிய அலெய்க்ஸாந்த்ரேக்கு அதே 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. போருக்கு முன் மாட்ரிடில் இவர்களோடு பழகிய சிலி நாட்டுக் கவி பாப்லோ நெருதா வழியாகவும், புலம்பெயர்ந்தோர் வழியாகவும் இவ்வியக்கத்தின் சுவடு தென்னமெரிக்கா எங்கும் பதிந்தது.

ஆய்வுப்பணியும் நின்றுவிடவில்லை. அரபு ஆய்வுக்கூடங்களின் சார்பில் 1933 முதல் வெளிவந்த ‘அல் அந்தலுஸ்’ இதழில், 1948இல் ஸாமுவெல் ஸ்டெர்ன் ஒரு கட்டுரை வரைந்தார். முவஷ்ஷஹ் பாடல்களின் இறுதியில் வரும் கர்ஜா என்னும் அடிகள் சில, அந்நாளைய ஸ்பானிய வழக்குமொழியில் அமைந்தவை என்று அவர் காட்டினார். ஐபீரிய மண்ணின் மிகப் பழைய தாய்மொழிப் பாடல்கள், அரபுக் கவிதை வடிவத்தின் மடியிலேயே காக்கப்பட்டிருந்தன!

கவிதை அரபு மொழிக்கும் திரும்பிற்று. ஈராக்கின் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாபும் அப்துல் வஹ்ஹாப் அல்பயாத்தியும், ஃபலஸ்தீனின் மஹ்மூத் தர்வேஷும் லோர்காவைப் பாடினர். அந்தலூஸை இழந்த மொழியின் கவிஞர்கள், அந்தலூஸ் மண்ணில் வீழ்ந்த ஒருவருக்காக அழுதனர்.

இத்தனைக்கும் தொடக்கம், நாடிழந்த ஓர் அறிஞர் அயல்நாட்டில் அமர்ந்து தொகுத்த ஒரு சிறு ஏடு. சதுக்கத்தில் எரிந்தவை போக, கெய்ரோவில் அது பிழைத்திருந்தது. அதைப் பேணி வைக்க ஒருவரும், கேட்டு வாங்க ஒருவரும், பெயர்த்தெழுத ஒருவரும் இருந்தனர். நம் இல்லங்களின் பரண்களில் அரபுத்தமிழ் ஏடுகள் எத்தனை உறங்குகின்றன! அவற்றை வாசிக்கத் தெரிந்தோர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். சுவரில் எழுத்திருந்தும் வாசிப்பாரின்றிப் போன நகரத்தின் கதை, அப்பரண்களை நாம் அண்ணாந்து நோக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகின்றது.